கேட்டுச்சுங்களா?

ஜலகண்டாபுரத்தில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டிய வேலைகள் இரண்டு இருந்தன. ஒன்று, தறியில் ஏற்றும் நீள இழையான பாவுக்குக் கஞ்சி போடுவது. இன்னொன்று, தூரத்து வானொலியைப் பிடிப்பது. முதலாவது ஊருக்கே தெரிந்த வேலை. இரண்டாவது எங்களில் சிலருக்கு மட்டும்.

சேலத்துப் பக்கம் தறிக்காரர்கள் வாழும் ஊர்களில் பாவடி என்று ஒரு திறந்தவெளியோ அகலமான தெருவோ இருக்கும். விடியும் முன்பே பாவை அங்கே நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். சோற்றுக் கஞ்சியை நூலில் தோய்த்து, பெரிய பிரஷை இரண்டு பக்கமும் ஆள் நின்று பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீவிக்கொண்டே போவார்கள், திரும்பி வருவார்கள். வெயில் சுள்ளென்று அடித்துவிட்டால் நீவி முடிப்பதற்குள் கஞ்சி இறுகி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கவும் ஆள் வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியமில்லை. இன்றைக்கு எங்கள் பாவு என்றால் நாளைக்கு எதிர்வீட்டுப் பாவு. கூலி கிடையாது, முறைக்கு முறை. ஆண்கள், பெண்கள், பள்ளிக்கூடம் கிளம்பும் முன் பிள்ளைகள் என்று எல்லாரும் வந்து நிற்பார்கள். நின்றால் பேச்சு. நூல் விலை என்ன, யார் வீட்டு எருமை கன்று போட்டது, மேட்டூர் அணை எத்தனை அடி. பேசும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் நூல் மேலேயே இருக்கும்.

வானொலி விஷயத்திலும் சூரியன்தான் கெடு வைப்பவர். பகலில் வெயில் பட்டு, தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு உருவாகிறது. மத்திய அலை மேலே போனால் அது விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு கலைந்துவிட, அலைகள் இன்னும் உயரத்தில் இருக்கும் வேறோர் அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கிற நிலையம், ஏழு மணிக்கு இரைச்சலுக்குள் முழுகிப் போயிருக்கும். தூர நிலையங்களைத் தேடுகிறவர்களுக்கு இடையிலுள்ள அந்த நேரம்தான் சொத்து.

குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் கால், கை, கண் மூன்றும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். எங்கள் பக்கத்தில் அந்தக் காதுகளை நிரப்பியது இலங்கை வானொலி. 1950இல் தொடங்கிய அதன் வர்த்தக ஒலிபரப்பு சிற்றலையிலும் வந்ததால், விடிந்த பிறகும் முழுகாமல் கேட்டது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஓடும்போது ஒரு தெருவைக் கடந்தால் ஒரு பாட்டை விடாமல் கேட்டுவிடலாம். ஒரு வீட்டில் பல்லவி, அடுத்த வீட்டில் சரணம். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களை எங்கள் தெருவில் சொந்தக்காரர் குரல் போலப் பேசிக்கொண்டார்கள். “ராஜாவுக்கு இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்குதுங்க” என்று தறியிலிருந்து தறிக்குச் செய்தி போகும். குழித்தறிச் சத்தத்துக்கு மேல் மனிதக் குரல் எடுபடும். விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் எதுவும் எடுபடாது. பவர்லூம் வந்ததும் எங்கள் தெருவில் முதலில் போனது வானொலி. அதைத் தொடர்ந்து பேச்சும். இதை ஊரின் வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் எழுதவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வெறுமனே கேட்பது ஒரு நிலை. கேட்டதை எழுதி அனுப்புவது அடுத்த நிலை. எந்த நாள், எந்த நேரம், எந்த அலைவரிசை, என்ன நிகழ்ச்சி என்று எழுதி, அதன் கீழே ஐந்து இலக்கம் போட வேண்டும்: ஒலியின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. 45444 என்றால் நல்ல நாள். கடிதம் சரியாக இருந்தால் நிலையத்திலிருந்து க்யூஎஸ்எல் அட்டை என்கிற வண்ண அட்டை ஒன்று வரும். லண்டனிலிருந்தும் பெய்ஜிங்கிலிருந்தும் மணிலாவிலிருந்தும் எங்கள் ஊர்த் தபால்காரர் அப்படி அட்டைகளைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்திருக்கிறார். பிபிசி தமிழோசை 1941 மே 3இல் தொடங்கியது. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963இல் தொடங்கியது. அதில் பேசிய சீனர்கள் கலையரசி, வாணி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் நேயர் கடிதங்களை வாசிக்கும்போது “சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம்” என்று நம் ஊர்ப் பெயர் ஒருவிதமான மெதுவான உச்சரிப்பில் வந்து விழும். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தோம். தாரமங்கலத்தில் ஒருவர், எடப்பாடியில் ஒருவர், ராசிபுரத்தில் ஒருவர் என்று வானொலி சொன்ன முகவரியை எழுதிவைத்துக்கொண்டு, அஞ்சலட்டை போட்டு, பிறகு பஸ் ஏறிப் போய்ப் பார்த்து நண்பர்களானவர்கள் நாங்கள். தமிழ்நாடு முழுக்க நேயர் மன்றங்கள் இப்படித்தான் முளைத்தன.

பிபிசி தமிழின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதி நின்றது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ நிலையங்கள் சிற்றலையைக் கைவிட்டன. எங்களிடம் பெட்டி இருந்தது, கம்பி இருந்தது, காது இருந்தது. கேட்பதற்கான நிலையங்கள்தான் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. ஆனால் அதற்குள் நாங்கள் எல்லாரும் கைபேசியில் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தோம். காலை ஐந்தரை மணிக்கு அந்தக் குழுவில் நடக்கிற பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“தூத்துக்குடி கேட்டுச்சுங்களா?”

“இல்லீங்கண்ணா, இங்க ஒரே கொரகொரப்பு.”

“எனக்கு நல்லா இருந்துச்சுங்க. திருச்சியும் சுத்தமா வந்துச்சு.”

“அணை எத்தனைங்க?”

“நூத்திப் பதினாறு.”

“முட்டை?”

“அஞ்சு பைசா ஏத்தியிருக்காங்க.”

“இங்க தூறல். அங்க?”

“இங்கயும் தூறல்தாம்பா.”

தூத்துக்குடி 1053, திருச்சி 936, சென்னை 720 என்ற அலைவரிசை எண்களை எங்கள் ஆட்கள் சொந்தக்காரர் வீட்டுக் கதவிலக்கம் போல நினைவில் வைத்திருப்பார்கள். முட்டை விலை நாமக்கல்காரர்களுக்காக. அணை நீர்மட்டம் எல்லாருக்காகவும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது, முழு நீர்மட்டம் 120 அடி, ஜூன் 12இல் திறப்பார்கள் என்பதெல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். திறந்துவிடும் தண்ணீர் தஞ்சைக்குப் போகிறது. அணைக்கு மிக அருகில் இருக்கும் எங்கள் மேட்டு நிலம் பல காலமாக மழையை நம்பித்தான் இருந்தது. தன் வயலுக்கு வராத தண்ணீரின் உயரத்தைத் தினமும் காலையில் கேட்டுத் தெரிந்துகொள்கிற இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதில் கணக்கு எதுவும் இல்லை. பக்கத்துவீட்டுக்காரரின் நலம் விசாரிப்பு மாதிரிதான் அது.

இந்தப் பேச்சில் என்ன இருக்கிறது என்று என் மகன் வயதுள்ளவர்கள் கேட்கிறார்கள். தகவல் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. அணை மட்டம் செய்தியில் வரும். மழையை ஜன்னலைத் திறந்தால் பார்க்கலாம். ஆனால் பேச்சு தகவலுக்காக மட்டும் பிறந்ததல்ல என்பதை மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இலேயே எழுதியிருக்கிறார். டிரோபிரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து பார்த்த அவர், மாலையில் கூடி உட்கார்ந்து ஒன்றுமில்லாததைப் பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களைக் கவனித்துவிட்டு, இந்தப் பேச்சின் வேலை பொருளைச் சொல்வதில்லை, ஆட்களைக் கட்டுவது என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் முழுவதும் சரியா என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அதை எங்கள் குழுவே எனக்குக் கற்றுக்கொடுத்தது.

2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி போட்டது. இந்தியர்கள் தினமும் காலையில் அனுப்பிக்கொள்ளும் ரோஜாப்பூப் படங்களாலும் சூரியோதயப் படங்களாலும் கைபேசிகளின் இடம் நிரம்பி வழிகிறது, இங்கே மூன்றில் ஒருவருக்குத் தினமும் இடம் தீர்ந்துபோகிறது என்று. அதை வைத்து இங்கேயும் நிறையப் பேர் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. நாமக்கல்லில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் ஐம்பது பேருக்குப் பூப்படம் அனுப்புகிறார் என்றால், நான் எழுந்துவிட்டேன், நீங்களும் எழுந்தீர்களா என்று கேட்கிறார். மலினோவ்ஸ்கி சொன்ன வேலையை அந்தப் படமும் செய்கிறது.

இருந்தாலும் எங்கள் குழுவில் பூப்படத்துக்கு அனுமதியில்லை. இந்த விதியைப் போட்டபோது பெரிய சண்டை. ‘வணக்கம் சொல்வதைத் தடுக்க நீங்க யாருங்க’ என்று ஒருவர் வெளியேறி, மறுவாரம் திரும்பி வந்தார். இத்தனை வருடம் கழித்து அந்த விதி சரி என்றே நினைக்கிறேன். பூப்படத்துக்குப் பதில் இன்னொரு பூப்படம், அதோடு முடிந்தது. ‘தூத்துக்குடி கேட்டுச்சுங்களா’ என்றால் பதில் சொல்பவர் எழுந்து போய்ப் பெட்டியைத் திருப்ப வேண்டும். காது கொடுக்க வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் எனக்குக் கேட்டதே என்பார். உடனே காரணம் தேட வேண்டும்: உங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருக்கிறதா, பல்பு மாற்றினீர்களா, மாடியில் கம்பி அறுந்துவிட்டதா. இரண்டு பேருக்கும் வெளியே, மூன்றாவதாக ஒரு பொருள் வானத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். பாவடியில் நடந்ததும் இதுதான். வளர்ந்த மனிதர்களுக்கு, அதுவும் எங்கள் ஊர் ஆண்களுக்கு, நேருக்கு நேர் உட்கார்ந்து ‘எப்படி இருக்கே’ என்று கேட்கும் வழக்கமில்லை. கேட்டாலும் பதில் வராது. நடுவில் ஒரு பாவு இருந்தால் பேசுவார்கள். பொழுதுபோக்கு என்று நாம் லேசாகச் சொல்கிறோமே, அது பல பேருக்கு அந்தப் பாவு.

ஒரு சான்று. திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. அவர் வருடத்தில் பாதிக்கு மேல் சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோதான். இரவில் வண்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு சின்னப் பெட்டியைத் திருகுவார். “இங்க சென்னை மெதுவா வருதுங்க, 23222” என்று ராய்ப்பூர் பக்கத்திலிருந்து எழுதுவார். எழுதி முடித்த பிறகு, அடுத்த வரியில், “பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க” என்பார். இந்த இரண்டாவது வரி முதல் வரி இல்லாமல் வந்திருக்காது. அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் எங்கள் ஆள் ஒருவர் பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப்போய் வந்து, குழுவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் காலை இருவரும் சென்னை 720 பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

பயன் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வானொலியைக் கேட்பதோடு நிற்காமல், உரிமம் பெற்றுப் பேசவும் செய்கிற அமெச்சூர் வானொலிக்காரர்கள், ஹாம்கள், எங்களுக்கு அண்ணன்மார். அவர்களுக்கும் விடிகாலையில் கூடிப் பேசும் வழக்கம் உண்டு. ஒருவர் நடுவராக இருந்து ஒவ்வொருவராக அழைப்பார். வந்தேன் என்பார்கள், சிக்னல் சொல்வார்கள், வானிலை சொல்வார்கள், 73 என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். இந்த வீண்பேச்சு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2004ஐச் சொல்வார்கள். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனக் குழுவோடு அந்த டிசம்பரில் அந்தமானுக்குப் போன பாரதி பிரசாத், 26ஆம் தேதி சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் இருந்தார். அவர் போனது பொழுதுபோக்குக்காக. தொலைபேசிகள் செத்துக் கிடந்த அந்த நாட்களில் அவருடைய கருவி வழியாகத்தான் பல குடும்பங்களுக்குச் சேதி போனது. இது நடந்ததுதான், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் தினசரிப் பேச்சுக்கு இதைச் சாட்சியாக அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பேரிடர் ஒருநாள் வரும் என்பதற்காக யாரும் முப்பது வருடம் காலை வணக்கம் சொல்வதில்லை. அந்த முப்பது வருடமே போதுமான காரணம்.

எங்கள் காலைப் பேச்சில் ஒரு பெரிய குறை உண்டு. பாவடியில் பாதிப் பேர் பெண்கள். தார் சுற்றுவதும் இழை பிணைப்பதும் அவர்கள் கையில். பேச்சும் பெரும்பாலும் அவர்கள் வாயில். வானொலிக்கு அதிகம் கடிதம் எழுதியவர்களிலும் அவர்கள் நிறைய. கைபேசிக் குழுவில் ஐந்தரை மணிக்குப் பார்த்தால் ஆண்கள் மட்டும் இருக்கிறோம். அந்த நேரத்தில் பெண்கள் அடுப்படியில். வானொலி அங்கேயும் ஓடுகிறது. கை மாவில் இருக்கிறது, எழுத முடியாது. எங்கள் வசதிக்கு ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு அதற்குக் குழுவின் நேரம் என்று பெயர் கொடுத்திருக்கிறோம்.

எடப்பாடிப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். காது கூர்மையில் எங்களில் யாரும் அவருக்கு ஈடில்லை. அவர் எழுதுவதில்லை, குரல் பதிவுதான் அனுப்புவார். அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் பத்தரை மணிக்கு வந்தது. முதலில் தறிச் சத்தம், நாலைந்து தறி சேர்ந்து ஓடும் அந்தப் பேரிரைச்சல். நடுவில் பட்டென்று எல்லாம் நின்றது. அந்த நிசப்தத்தில் அவர் குரல்: “கரண்ட் போயிருச்சுங்க. ஊரே நின்னுருச்சு. இப்பக் கேளுங்க.” பிறகு பெட்டியைத் திருகும் சத்தம். பிறகு திருச்சி, ஒரு துளி இரைச்சல் இல்லாமல், கச்சேரி. “என்னமா கேக்குதுங்க, பாத்தீங்களா!” மின்சாரம் போனால் தெருவிலுள்ள எல்.இ.டி. பல்புகள், சார்ஜர்கள், மோட்டார்கள் எல்லாம் அடங்கி, அவை கிளப்பும் குறுக்கீடு அத்தனையும் ஒரே நொடியில் விலகிவிடும். வானொலிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மை இது. ஆனால் அவருக்கு அந்த நேரம் கூலி இல்லாத நேரம். 2012 வாக்கில் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில் அந்தத் தெருக்கள் பட்ட பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். கூலி போன வருத்தத்தையும் கச்சேரி கேட்ட சந்தோஷத்தையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார், ஒன்றுக்காக இன்னொன்றைக் குறைக்கவில்லை. எங்கள் குழுவில் இதுவரை வந்ததிலேயே சிறந்த பதிவு அதுதான் என்பேன். அது ஐந்தரை மணிக்கு வந்ததல்ல. இப்போது கரண்ட் போகும் நேரமெல்லாம் குழுவின் நேரம் என்று சேர்த்திருக்கிறோம். மின்தடை அறிவிப்பு வந்தால் யார் ஊரில் எப்போது என்று முந்தின நாளே போட்டுவிடுகிறோம். பெண்கள் கொஞ்சம் கூடுதலாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். போதாது.

அண்மையில் நடந்த வழக்கு வேறு. சேலத்தில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். நெதர்லாந்தில் டுவென்டே பல்கலைக்கழகம் ஒரு வானொலிப் பெட்டியை இணையத்தில் வைத்திருக்கிறது. உலகத்தில் எங்கிருந்தும் யார் வேண்டுமானாலும் அதைத் திருகலாம். தம்பி அதில் கேட்டுவிட்டு, யாரும் கேள்விப்படாத நிலையங்களின் பெயரையெல்லாம் காலையில் போட ஆரம்பித்தார். பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. “அது அந்த ஊர்ப் பெட்டி கேட்டது தம்பி, நீ கேட்டது இல்ல” என்றார் ராசிபுரத்துக்காரர். “என் காதுலதானுங்களே கேட்டுச்சு?” என்றார் தம்பி. இரண்டு வாரத்துக்கு மேல் இந்தச் சண்டை ஓடியது.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டது கேட்டதுதான். ஆனால் நாங்கள் காலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது உலகத்தில் என்ன ஒலிபரப்பாகிறது என்பதை இல்லை. என் மொட்டைமாடிக்கு இன்றைக்கு எது வந்து சேர்ந்தது என்பதை. நமக்குக் காலை ஐந்தரை என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றோ இரண்டோ. அந்த இராத்திரியை இங்கே கொண்டுவந்து நம் காலையோடு சேர்த்தால், எனக்குத் தூத்துக்குடி வரவில்லை, உனக்கு ஏன் வந்தது என்று கேட்க வழியில்லாமல் போகும். இதைக் குழுவில் எழுதினேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, அவர் வாதமும் பலமானதுதான். ‘நீங்க கேட்டு வளர்ந்த நிலையமெல்லாம் மூடியாச்சுங்க, எங்களுக்கு என்ன மிச்சம் வச்சீங்க’ என்று கேட்டார். அதற்கு ராசிபுரத்துக்காரரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

போன மாதம் ஒரு காலை, சிற்றலையில் வழக்கமாக வரும் ஒரு வெளிநாட்டு நிலையம் யாருக்குமே வரவில்லை. மூடிவிட்டார்களா, இல்லை அலைதான் இங்கே வரவில்லையா என்று ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் ராசிபுரத்துக்காரரே எழுதினார்: “தம்பி, அந்தப் பெட்டியில கொஞ்சம் பாரேன், அங்க வருதான்னு.” தம்பி பார்த்தார். அங்கே வருகிறது என்றார். சரி, அப்படியென்றால் நம் பக்கத்தில்தான் கோளாறு என்று எல்லாரும் அவரவர் கம்பியைச் சோதிக்கப் போனோம். தம்பியும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்துத் தென்னை வரை ஒரு கம்பி இழுத்துக் கட்டி, பழைய பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாராம். முதல் நாள் அவர் போட்டது: “1053 வருதுங்கண்ணா. 34333 சரிங்களா?” 34322 என்றார் ஒருவர். குறுக்கீடு அவ்வளவு இல்லையே, 35333 போடு என்றார் இன்னொருவர். எடப்பாடி அக்கா சாயங்காலம் குரல் பதிவில் வந்து, மூன்று பேர் போட்டதும் தப்பு என்றார்.